சாமியம்மாள் அடைத்த வழி

கரியாலூரிலிருந்து பிரியும் சாலை மெலிந்து மெலிந்து வெறும் மண் தடமாக முடியும் இடத்தில் ஈச்சங்காடு இருக்கிறது. சின்ன ஊர். அதில் கடைசி வீடு சாமியம்மாளுடையது. வீட்டுக்குப் பின்னால் அவளுடைய சாமைக்காடு சரிந்து இறங்குகிறது. காடு முடிகிற இடத்தில் ஓடை. அந்த ஓடை ஒரு பாறையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு விழுந்து கீழே தேங்கி நிற்கும். ஊர்ப் பெண்கள் அங்கேதான் துவைப்பார்கள், குளிப்பார்கள். இடத்துக்குப் பெயர் கிடையாது. "பள்ளத்துக்குப் போறேன்" என்று சொன்னால் ஆண்களுக்கு விளங்கும். அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

இப்போது அதற்குப் பெயர் வந்துவிட்டது. செல்போனில் 'ஹெவன் ஃபால்ஸ்' என்று தட்டினால் வழி காட்டும். காட்டிய வழி சாமியம்மாளின் காட்டுக்குள் போனது.

அவள் சின்ன வயதிலேயே முரடு என்று பெயர் எடுத்தவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்னப்பையனைக் கட்டிக்கொண்ட இரண்டாம் வருஷம் அவனோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போனாள். அங்கே கூலிப் பெண்கள் குளிக்கிற தொட்டிப் பக்கம் மேஸ்திரி ஒருவன் தினமும் எதையோ தேடுவதுபோல வந்து நிற்பான். மற்ற பெண்கள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். சாமியம்மாள் ஒரு கூடை சாணியை அள்ளி அவன் தலையில் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு எந்தத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகவில்லை. புருஷன் மட்டும் வருஷாவருஷம் போய்வந்தான். அவள் மாமனார் விட்டுப்போன கல்லுக்காட்டில் கல்லைப் பொறுக்கி வரப்பு கட்டினாள், ஓர் உழவு மாடு வைத்துக்கொண்டு, பக்கத்துக்காட்டு மாட்டோடு ஜோடி சேர்த்து உழுதாள். சாமை போட்டாள், மரவள்ளி போட்டாள். பவானி என்று ஒரே மகள். அவளைக் கள்ளக்குறிச்சியில் நர்ஸிங் படிப்பில் சேர்த்து விடுதியில் விட்டுவிட்டு வந்த நாளில்தான் சாமியம்மாள் வாய்விட்டுச் சிரித்ததை ஊர் பார்த்தது.

ஒரு கோடையில், குச்சியில் கேமராவைச் செருகிக்கொண்டு இளைஞன் ஒருவன் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். குடிக்கத் தண்ணீர் கேட்டான், கொடுத்தாள். "பக்கத்துல அருவி எதுனா இருக்குதாக்கா?" என்று கேட்டான். "பொம்பளைங்க குளிக்கிற பள்ளம்தான் இருக்குது, நீ போவக்கூடாது" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். போனவன் சுற்றிக்கொண்டு வந்து, மேலே பாறையில் நின்று எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போய், அவனே ஒரு பெயரும் வைத்து ஊர் பார்க்கப் போட்டுவிட்டான்.

அடுத்த வாரமே இரண்டு கார் வந்தது. அதற்கடுத்த வாரம் தடம் முழுக்க பைக். கள்ளக்குறிச்சி, சேலம், பாண்டிச்சேரி, சென்னை என்று எல்லா ஊர் நம்பர் வண்டியும் ஈச்சங்காட்டில் நின்றது. வந்தவர்கள் சாமைக்காட்டை வெறும் புல் என்று நினைத்தார்களோ என்னவோ, நேராக நடந்தார்கள். நடந்த இடமெல்லாம் பயிர் படுத்தது. மரவள்ளிச் செடியைப் பிடுங்கி, கிழங்கு எப்படி இருக்கும் என்று படம் எடுத்துவிட்டு எறிந்தார்கள். சாராயத்தைக் குடித்துவிட்டு பாட்டிலைப் பாறையில் அடித்து உடைப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் தம்ளர், குழந்தைக்குக் கட்டிய டயாபர் எல்லாம் ஓடையில் மிதந்து வந்தன. காலையில் காட்டுக்குப் போனால் எங்கே கால் வைப்பது என்று தெரியாது. ராத்திரி தங்கியவர்கள் விடியுமுன்னே அங்கே ஒதுங்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

ஊர்ப் பெண்கள் பள்ளத்துக்குப் போவதை விட்டார்கள். தெருக்குழாயடியில் புடவையைச் சுற்றிக்கொண்டு விடியுமுன்னே குளிக்க ஆரம்பித்தார்கள்.

ஊரில் இதில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. முதல் ஆள் சாமியம்மாளின் கொழுந்தன் ராஜதுரை. அவன் பெண்டாட்டி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் விடுதியில் கிடந்தவள். ராஜதுரை வீட்டு முன்னால் தகரம் போட்டு டீக்கடை வைத்தான். ஆம்லெட், நாட்டுக்கோழி வறுவல் என்று கடை வளர்ந்தது. பெண்டாட்டி ஊருக்குத் திரும்பி வந்தாள். பழைய ஜீப் ஒன்றும் வாங்கினான். அவனைப் பார்த்து இன்னும் நான்கைந்து கடை முளைத்தது.

"அண்ணி, காட்டு ஓரத்துல ஒரு நடைவழி வுட்டுடுங்க. மீதி பயிரை மிதிக்காம நான் பாத்துக்கிறேன்" என்றான் ராஜதுரை.

"வழி வுட்டா அவங்க வழியிலயா போறாங்க? நீயே வந்து பாரு, ஒவ்வொருத்தனும் எங்க எங்க போறான்னு."

"நாம இன்னும் எத்தினி வருஷம் குடகு, திருப்பூருன்னு ஓடிக்கினு இருக்கணும் அண்ணி? ஜனம் நம்ம வூடு தேடி வருது. வேணாம்னு சொல்றீங்களே!"

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.  சாமியம்மாள் காட்டின் ஓரமாக ஓர் ஆள் போகிற அகலத்துக்கு வழி விட்டாள். கல் நட்டு, கயிறு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கயிறு அறுந்து கிடந்தது. கல்லைப் பெயர்த்து அடுப்பு மூட்டிக் கோழி சுட்டிருந்தார்கள்.

ஆனி கடைசியில் மழை பெய்தது. உழவு ஓட்டும்போது அவள் செவலை மாடு திடீரென்று முன்காலை மடித்துக்கொண்டு நின்றது. குளம்புப் பிளவில் பாட்டில் துண்டு ஆழமாக ஏறியிருந்தது. பிடுங்கினாள், மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினாள். புழு வைத்தது. கால்நடை டாக்டரிடம் காட்டி ஊசி போட்டாள். கால் வீங்கிக் கொண்டே போனது. கடைசியில் நிற்கவும் முடியாத மாட்டை வியாபாரி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினான். எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். மாடு திரும்பிப் பார்த்ததாக எல்லாம் அவள் சொல்லவில்லை. வண்டி போன திசையைப் பார்த்துக் காறித் துப்பினாள், அவ்வளவுதான். துப்பியது வியாபாரியை நினைத்து அல்ல.

அடுத்த ஞாயிறு அவள் காட்டு வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு, கையில் கொடுவாளோடு உட்கார்ந்துவிட்டாள்.

பைக்கில் வந்த ஆறேழு பேர் முள்ளைக் காலால் தள்ளினார்கள். "கால வைடா பாக்கலாம். வெச்ச கால எடுத்துக்கினு போவ மாட்டே" என்று எழுந்து நின்றாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. பல நாள் தூங்காத கண். ஒருவன் சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கிப் பிடித்தான். அவள் அவனை நோக்கி ஓடினாள். அவன் பின்னாலேயே நகர்ந்துகொண்டு படம் எடுத்தான். அவள் அவன் குலத்தையே இழுத்துத் திட்டினாள். மாட்டைப் பற்றியும் சொன்னாள், பள்ளத்தைப் பற்றியும் சொன்னாள். அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கொடுவாளோடு ஓடிவருகிற பகுதியை மட்டும் வைத்து, பயங்கரமான இசையைப் போட்டு, 'கல்வராயன் மலை சூனியக்காரி' என்று தலைப்பு கொடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

கூட்டம் குறையும் என்று அவள் நினைத்திருந்தாள். இரண்டு மடங்கு ஆனது. இப்போது பாதிப் பேர் அருவியைப் பார்க்க வரவில்லை. அவளைப் பார்க்க வந்தார்கள். வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். "ஆயா, வெளிய வா! ஒரு சூனியம் வெச்சுட்டுப் போ!" என்று கத்துவார்கள். அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அவள் கல்லெடுத்து எறிந்தால் அதையும் படம் எடுத்துக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கியதுபோலக் கூச்சலிட்டுக்கொண்டு இறங்கிப் போவார்கள். ராஜதுரையின் கடையில் வறுவல் போதாமல் போனது.

அந்தப் படம் கள்ளக்குறிச்சிக்கும் போய்ச் சேர்ந்தது. பவானியின் வகுப்பில் ஒருத்தி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி "ஏய், இது பவானி அம்மாடி" என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் விடுதியில் அவள் பெயர் மாறியது. பவானி ஊருக்கு வருவதை நிறுத்தினாள். போன் செய்தால் பரீட்சை என்பாள்.

ஒருநாள் சாமியம்மாள் விடாமல் கேட்டாள். "இன்னாடி கோவம் உனக்கு? வாயத் தொறந்து சொல்லு."

"நீ பேசாம வூட்டுக்குள்ள இருந்திருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்? இங்க ஒருத்தி மொகத்த என்னால பாக்க முடியல."

"அவனுங்க பண்ணதுக்கு நான் உள்ள போயி கதவ சாத்திக்கணுமா?"

"சாத்திக்கினா இன்னா?" என்று பவானி போனை வைத்துவிட்டாள்.

சாமியம்மாள் அதன்பிறகு கொடுவாளை எடுக்கவில்லை. கல்லும் எறியவில்லை. ஹாரன் அடித்தாலும் வெளியே வரவில்லை. ஊர் அவள் அடங்கிவிட்டாள் என்று நினைத்தது. ராஜதுரைகூட, "அண்ணிக்கு இப்பதான் புத்தி வந்துது" என்று கடையில் சொன்னான்.

அவள் ஆவணி மழையில் பூனைக்காலி விதைத்துக்கொண்டிருந்தாள்.

பூனைக்காலியை மலையில் தெரியாதவர் இல்லை. பார்க்க அவரைக்கொடி மாதிரி இருக்கும். காய் முற்றிக் காய்ந்ததும் அதன்மேல் இருக்கிற பொன்னிற மயிர்ச் சுணை உடம்பில் பட்டால் போதும், தோல் தீப்பிடித்ததுபோல அரிக்கும். சொறியச் சொறியப் பரவும். விதைக்கு நாட்டு மருந்துக் கடையில் மதிப்பு உண்டு என்பதால் யாராவது கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இருந்தது. அவள் காட்டு ஓரம் விட்ட வழியின் இரண்டு பக்கமும் மூங்கில் நட்டாள். கொடி மழையில் தழைத்து மூங்கிலேறி, மேலே ஒன்றோடொன்று பின்னிப் பந்தல் போல ஆனது. கருநீலக் கொத்தாகப் பூ தொங்கியபோது வந்தவர்கள் அதன் அடியில் நின்று ஜோடி ஜோடியாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்குள்ளிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பொங்கலுக்குப் புருஷன் குடகிலிருந்து வந்திருந்தான். பவானியும், அவன் போய் வற்புறுத்தி அழைத்ததால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். காணும் பொங்கலன்று மலை கொள்ளாத கூட்டம். காய்ந்த காய்கள் பந்தலிலிருந்து கொத்துக்கொத்தாகத் தொங்கின. நல்ல காற்று வேறு.

முதலில் ஒரு வாலிபன் கழுத்தைச் சொறிந்துகொண்டு வெளியே ஓடி வந்தான். பிறகு நான்கு பேர். பிறகு வழியெல்லாம் ஆட்கள் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு, "என்னடா இது, என்னடா இது" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். ஓடையில் குதித்தவர்கள் இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். சாமியம்மாள் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கைவைத்து நின்று முழுவதையும் பார்த்தாள். அவள் மாட்டை ஏற்றிவிட்ட நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு நிறைந்தது.

அப்போது ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. மற்ற கூச்சலில் சேராத சத்தம். நான்கைந்து வயதுப் பெண் குழந்தையை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. யாரோ அதை விளையாட்டாகத் தோளில் தூக்கி, காயைப் பறிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சாமியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு பவானிதான் ஓடினாள். குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்து, மடியில் கிடத்தி, குடத்துத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "அம்மா, இன்னொரு கொடம்!" என்று கத்தினாள். சாமியம்மாள் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தயிரை எடுத்து வந்து குழந்தையின் கைகாலில் பூசினாள்.

குழந்தையின் அம்மா சாமியம்மாள் பக்கம் திரும்பினாள். "நீதானே அந்தப் பொம்பள? வேணும்னே வெச்சிருக்க. நீயெல்லாம் மனுஷியா?"

"கொயந்தைய எதுக்கு என் காட்டுக்குள்ள தூக்கியாந்தே? இது உன் வூட்டுத் தோட்டமா?" என்று சாமியம்மாளும் கத்தினாள். கத்திக்கொண்டே தயிரைப் பூசினாள்.

சாயந்திரத்துக்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். கூடவே ராஜதுரை. ஊரே கூடிவிட்டது. குழந்தைக்குக் கண்ணில் ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் புகார் வந்திருக்கிறது என்றார் அவர்.

"இந்தக் கொடி தானா மொளைச்சிதா, நீ வெதைச்சியாம்மா?"

சின்னப்பையன் முந்திக்கொண்டு, "தானா மொளைக்கிறதுதாங்க, மலை பூரா கெடக்குதுங்க" என்றான்.

"நீ சும்மா இருய்யா" என்றாள் சாமியம்மாள். "நான்தாங்க வெதைச்சேன். என் நெலத்துல வெதைச்சேன்."

"பொதுவழியில அரிக்கிற செடிய வெச்சா கேஸ் ஆவும், தெரியுமா?"

"எதுங்க பொதுவழி? எங்க இருக்குதுன்னு காட்டுங்க. நேத்து வந்தவன் செல்போன்ல கோடு போட்டுக்கினான். அது வழியா?"

போலீஸ்காரர் ராஜதுரையைப் பார்த்தார். ராஜதுரை தரையைப் பார்த்தான். கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் போட்டார்கள். அந்த இடம் முழுவதும் பாகப்பிரிவினையில் சின்னப்பையனுக்கு வந்த பட்டா நிலம்தான், அதில் வழி எதுவும் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். போலீஸ்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொடியை அறுத்துவிடும்படி சொல்லிவிட்டு, வெளியாட்கள் உள்ளே போகக்கூடாது என்று ஒரு பலகையும் வைக்கச் சொன்னார்.

"அறுக்கமாட்டேன்" என்றாள் சாமியம்மாள்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறினார்.

ராஜதுரை போகவில்லை. "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களே அண்ணி. என் பொண்டாட்டி மறுபடி திருப்பூர் போவணுமா?"

"என் மாடு போன எடத்துக்கு நீ போயி பாத்தியா?"

"ஒரு மாட்டுக்காகவா இவ்வளவும்?"

சாமியம்மாள் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

உள்ளே பவானி அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் முழங்கை வரை தடித்துச் சிவந்திருந்தன. "அவனுங்க பண்ணது எனக்கும் தெரியும்மா. உன்ன வெச்சி எத்தினி பேரு சிரிச்சாங்கன்னு எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும். ஆனா அந்தக் கொயந்த இன்னா பண்ணிச்சி?"

 சாமியம்மாள் மகள் கையில் மிச்சத் தயிரைத் தடவிவிட்டாள். அது கொஞ்சமாவது ஆறியதா என்று கேட்டாள். பவானி இல்லை என்று தலையசைத்தாள்.

மறுநாள் காலை, போலீஸ் சொல்லி அறுக்காதவள், சாக்கைப் போர்த்திக்கொண்டு தானே போய்ப் பந்தலை அறுத்தாள். எவ்வளவு போர்த்தினாலும் சுணை உள்ளே நுழைந்தது. கழுத்தும் முதுகும் எரிய எரியக் காயையெல்லாம் குவித்துத் தீ வைத்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து, வழி தொடங்குகிற இடத்தில் குறுக்கே அகழி தோண்ட ஆரம்பித்தாள். சின்னப்பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனும் ஒரு மண்வெட்டியோடு வந்தான். மூன்றாம் நாள் ஆள் தாண்ட முடியாத அகழி ஆனது. தோண்டிய மண்ணை உள்பக்கம் கரையாகப் போட்டு அதன்மேல் கற்றாழை நட்டாள்.

பவானி விடுதிக்குக் கிளம்பும்போது, "இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றாள்.

"தோணல" என்றாள் சாமியம்மாள்.

அவள் காடு பிழைத்தது. பள்ளம் பிழைக்கவில்லை. மாசி மாதமே ராஜதுரையும் மற்ற கடைக்காரர்களும் சேர்ந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் புறம்போக்கு வழியாக மண்வெட்டும் இயந்திரத்தை இறக்கினார்கள். பாறையைப் பெயர்த்து, மரத்தைச் சாய்த்து, ஜீப் போகிற அகலத்துக்குத் தடம் போட்டார்கள். சரிந்த மண் ஓடையில் விழுந்து தண்ணீர் கோடை முழுக்கச் செம்மண் நிறமாகவே ஓடியது. வந்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கலங்கிய தண்ணீரிலும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைகள் அந்தப் பக்கம் நகர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தம் அவள் காட்டுக்குள் வந்து இடிக்கும். ஊர்ப் பெண்கள் இன்றும் குழாயடியில்தான் குளிக்கிறார்கள்.

ராஜதுரை குடும்பத்தோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. சின்னப்பையன் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறான். அங்கே சாப்பிட்டதை இங்கே சொல்வதில்லை. பவானி படிப்பை முடித்து கள்ளக்குறிச்சியிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறாள். இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். அந்தப் படத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

போன சித்திரையில் ஒரு பெரிய கார் வழி தவறி அவள் வீட்டு முன்னால் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒருவர், "ஏம்மா, ஹெவன் ஃபால்ஸுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார். பின்னால் முழுக் குடும்பம். சாமியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பொறுமையாக, கையை நீட்டிக் காட்டிச் சொன்னாள்.

"வந்த வழியே திரும்பிடுங்க. கரியாலூர் தாண்டி மலைய வுட்டு இறங்கிக்கினே போங்க. கச்சிராயபாளையம் வரும். அங்க அணை ஒண்ணு இருக்குது. நீங்க கேக்குற தண்ணி எல்லாம் அங்கதான் இருக்குது."

அவர் நன்றி சொல்லி வண்டியைத் திருப்பினார். கார் வளைவில் மறையும் வரை அவள் நின்று பார்த்துவிட்டு, உட்கார்ந்து முறத்தைக் கையில் எடுத்தாள்.